ட்ரீட்மென்ட் செத்துப்போன ரோல்

திருப்பூரில் என் மாமாவுக்கு ஒரு பாலிபேக் பிரிண்டிங் பட்டறை இருக்கிறது. பனியன், டி-ஷர்ட் மடித்துப் போடுகிற கவர்களுக்குக் கம்பெனிப் பெயர் அடித்துக் கொடுப்பது. ஒரு மெஷின், மூன்று ஆட்கள், எந்நேரமும் மை வாசம். பள்ளி விடுமுறைக்குப் போனால் எனக்கு அங்கேதான் பொழுது போகும். புது ரோல் வந்து இறங்கியதும் மாமா முதலில் ஒரு காரியம் செய்வார். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, அதில் கொஞ்சம் மை தடவி, காயவிட்டு, மேலே செலோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று பிய்ப்பார். மை கவரிலேயே நின்றால் ரோல் மெஷினுக்குப் போகும். டேப்போடு வந்துவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். "ட்ரீட்மென்ட் செத்துப்போச்சு அம்மிணி, இது மை பிடிக்காது" என்பார்.

ட்ரீட்மென்ட் என்றால் என்ன, அது எப்படிச் சாகும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பதினைந்து வருடம் கழித்து, வடிகட்டும் மெம்பிரேன்களின் மேற்பரப்பை பிளாஸ்மாவால் மாற்றுவது என்ற தலைப்பில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, இரண்டு வருடம் மல்லுக்கட்டி ஒரு கிராஃப் போட்டேன். அந்த கிராஃபில் இருந்தது மாமாவின் அதே ஒரு வரிதான்.

மெம்பிரேன் என்றால் சவ்வு. ஆனால் ஆலையில் யாரும் சவ்வு என்று சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் மெம்பிரேன் என்றே எழுதுகிறேன். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் கழற்றிப் போட்ட பழைய உருளையைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பாயைச் சுருட்டியதுபோல உள்ளே தாள் தாளாக வரும். ஒவ்வொரு தாளும் மூன்று அடுக்கு. அடியில் பாலியஸ்டர் துணி, அதன்மேல் நாற்பது ஐம்பது மைக்ரான் தடிமனில் பாலிசல்ஃபோன், அதற்கும் மேலே 100, 200 நானோமீட்டர் மட்டுமே இருக்கிற பாலிஅமைடு தோல். உப்பைத் தடுக்கிற வேலை முழுக்க அந்தத் தோலுடையது. நான் வேலை செய்தது இதற்கு முந்தின படியில், அல்ட்ராஃபில்ட்ரேஷனில். அங்கே பாலிஅமைடு கிடையாது. பாலிசல்ஃபோனோ பாலிஈதர்சல்ஃபோனோதான் மெம்பிரேன். துளைகள் சில நானோமீட்டரிலிருந்து நூறு வரைக்கும். உப்பு தாராளமாகப் போய்விடும். புரதம், கிருமி, கூழாக மிதக்கிற அழுக்கு நின்றுவிடும். டயாலிசிஸ் செய்கிற சிறு குழாய்களும் பெரும்பாலும் இதே குடும்பத்துப் பாலிமர்தான்.

இந்த பாலிமரைத் திட்ட எனக்கு மனம் வராது. அமிலம், காரம், குளோரின் என்று எதைக் காட்டினாலும் லேசில் அசராது. 180 டிகிரி தாண்டித்தான் இளகவே ஆரம்பிக்கும். ஒரே ஒரு குணம்தான் கோளாறு. அதற்குத் தண்ணீரைவிட எண்ணெய்ப்பசையும் புரதமும் பிடிக்கும். தண்ணீரில் ஒரு புரதம் வந்து மோதினால், அதற்கும் மெம்பிரேனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர் விலகிவிடும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதன்மேல் இன்னொன்று ஒட்டும். புதுத் தோசைக்கல்லில் மாவு ஊற்றிய கதைதான். பழக்காத கல்லில் தோசை பிய்ந்து வரும், ஒட்டியதைச் சுரண்டினால் அடுத்த தோசை இன்னும் மோசமாக ஒட்டும். ஆலையில் சுரண்டுவதற்குப் பதில் ஹைப்போ என்கிற குளோரின் கரைசலை விட்டுக் கழுவுகிறார்கள். கழுவக் கழுவ மெம்பிரேனின் ஆயுசு குறைகிறது.

கல்லைப் பழக்குவதுபோல மெம்பிரேனையும் பழக்கினால் என்ன? உள்ளே இருக்கிற பலம் அப்படியே இருக்கட்டும், மேலே சில நானோமீட்டர் மட்டும் தண்ணீரோடு சிநேகமாகிவிட வேண்டும். இதற்காகத்தான் பிளாஸ்மாவிடம் போகிறோம்.

மாமாவிடம் முதலில் சொன்னபோது, "ரத்தத்துல இருக்கறதா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. 1928இல் இர்விங் லாங்மூர் மின்சாரம் பாயும் வாயுவுக்கு இந்தப் பெயரை வைத்தபோது, ரத்த பிளாஸ்மா தன்னுள் அணுக்களைச் சுமந்து போவதுதான் அவர் மனதில் இருந்தது என்று அவரோடு வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். எரிகிற டியூப்லைட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் பிளாஸ்மாவின் பக்கத்தில் விரல் வைத்தவர்கள்தான். உள்ளே எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கும் மேல். ஆனால் அவை இம்மியளவு எடை கொண்டவை, மொத்த வாயுவில் அவற்றின் பங்கும் சொற்பம், அதனால் குழாய் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. கம்பி மத்தாப்பின் பொறி கையில் பட்டாலும் சுடாததுபோல என்று வைத்துக்கொள்ளலாம். சுடாத அந்த எலக்ட்ரான்களுக்கு ஒரு வாயு மூலக்கூறை உடைக்கும் தெம்பு உண்டு. உடைந்த துண்டுகளுக்கும் அப்போது கிளம்பும் புற ஊதா ஒளிக்கும் பிளாஸ்டிக்கின் கார்பன், ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுக்கும் தெம்பு உண்டு. அந்தப் பிணைப்புகளின் பலம் நாலு எலக்ட்ரான் வோல்ட் சுமார்தான். அறுந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் தண்ணீரை விரும்ப ஆரம்பிக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் இருந்தது குக்கரைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கண்ணாடி அறை. அடியில் ரோட்டரி பம்ப், பக்கத்தில் 13.56 மெகாஹெர்ட்ஸ் ஜெனரேட்டர். ஏன் அந்தக் குறிப்பிட்ட எண் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். இயற்பியல் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வானொலி அலைவரிசைகளைத் தொந்தரவு செய்யாமல் இருக்க உலகளவில் தொழிலுக்கென்று ஒதுக்கிய அலைவரிசை அது, அவ்வளவுதான். வாயுவைக் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கி, சுவிட்சைப் போட்டு, மேட்சிங் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தால் ஒரு கணத்தில் அறை முழுக்க வெளிச்சம் பற்றிக்கொள்ளும். ஆர்கான் என்றால் ஊதா. காற்று கசிந்தால் ரோஸ். நிறத்தைப் பார்த்தே எங்கே லீக் என்று சொல்லிவிடும் ஒரு சீனியர் அண்ணா இருந்தார். கேஜ் பொய் சொன்னாலும் நிறம் பொய் சொல்லாது என்பார்.

முதல் மூன்று வாரம் எனக்கு எதுவுமே சரியாக வரவில்லை. பம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும், அழுத்தம் இறங்காது. இறங்கினாலும் ஒரு நாள் செய்தது மறுநாள் வராது. கேஸ்கெட்டை மாற்றினேன், பம்ப் ஆயிலை மாற்றினேன். கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. கடையில் வாங்கும் அல்ட்ராஃபில்ட்ரேஷன் தாள் காய்ந்தால் துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். அப்படி ஆகாமல் இருக்க விற்பவர்கள் அதைக் கிளிசரினில் ஊறவைத்துத்தான் அனுப்புவார்கள். உறையில் எங்கேயோ சின்ன எழுத்தில் அது இருந்திருக்கிறது. மூன்று வாரமாக நான் மெம்பிரேனுக்கு ட்ரீட்மென்ட் செய்யவே இல்லை. கிளிசரினுக்குச் செய்துகொண்டிருந்தேன்.

கழுவினால் போச்சு என்று கழுவிக் காயவைத்தேன். துளைகள் மூடிக்கொண்டன. தண்ணீருக்குப் பதில் ஆல்கஹால், ஆல்கஹாலுக்குப் பதில் ஹெக்ஸேன் என்று படிப்படியாக மாற்றி ஊறவைத்துக் காயவைத்தால் துளை தப்பிக்கும் என்று அந்த அண்ணாதான் சொல்லிக்கொடுத்தார். திரவத்தின் பரப்பு இழுவிசை குறையக் குறைய, காயும்போது துளைச் சுவரைப் பிடித்து இழுக்கிற வலுவும் குறையும். இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளில் பாதி வரிகூடக் கிடைக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் வந்தது. ஆக்சிஜன் பிளாஸ்மாவில் ஒரு நிமிடம் வைத்து எடுத்த தாள். பக்கத்தில் எதுவும் செய்யாத தாள். இரண்டின்மேலும் சிரிஞ்சால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். செய்யாததில் சொட்டு அரைக்கோளமாக உட்கார்ந்து ஜன்னலைப் பிரதிபலித்துக்கொண்டிருந்தது. செய்ததில், ஊசி நுனியிலிருந்து சொட்டு விடுபட்டதுதான் தெரியும், தட்டையாகப் பரவி, விளிம்பு மங்கி, உள்ளே போய்விட்டது. ஈரமான வட்டம் மட்டும் மிச்சம். சொட்டின் விளிம்பு தாளோடு சேரும் கோணம்தான் தொடுகோணம். கேமரா அதை அளப்பதற்குள் அளக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு மட்டும் முப்பது சொட்டாவது வைத்திருப்பேன். வாசலில் கோலப்புள்ளி வைப்பதுபோல வரிசையாக.

அந்தச் சந்தோஷத்தில் செய்த அடுத்த தப்பு, ஒரு நிமிடம் நல்லது என்றால் பத்து நிமிடம் இன்னும் நல்லது என்று நினைத்தது. பத்து நிமிடம் வைத்த தாளில் தண்ணீர் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கியது. கைடிடம் ஓடினேன். "ரிஜெக்‌ஷன் பாத்தியாம்மா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. மாட்டு ரத்தத்து ஆல்புமினைக் கரைத்து விட்டு, கீழே இறங்கிய தண்ணீரைப் புரதம் உறிஞ்சும் 280 நானோமீட்டர் ஒளியில் வைத்துப் பார்த்தால், தடுக்க வேண்டிய புரதம் ஏகத்துக்கும் கீழே வந்திருந்தது. பிளாஸ்மா மேற்பரப்பை மாற்றுவதோடு அரிக்கவும் செய்யும். மெல்லிய தோலின் துளைகளை நான் பெரிதாக்கி வைத்திருந்தேன். சல்லடை கிழிந்தால் மாவு வேகமாகத்தான் இறங்கும். இன்றைக்கும் பிளாஸ்மாவால் நீரோட்டம் இத்தனை சதவீதம் உயர்ந்தது என்று யாராவது எழுதியிருந்தால் முதலில் ரிஜெக்‌ஷன் எண்ணைத்தான் தேடுவேன். பக்கத்திலேயே அது இல்லையென்றால் மேலே படிப்பதில்லை.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. தோல் மெல்லிசாகவும் அடிப்பகுதி கடற்பஞ்சு மாதிரியும் இருக்கிற இந்த அமைப்பை ஆர்.ஓ.வுக்கு முதலில் செய்து காட்டியவர்கள் கலிஃபோர்னியாவில் யு.சி.எல்.ஏ.வில் இருந்த சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும். 1950களின் கடைசி, 60களின் ஆரம்பம். அவர்கள் எடுத்துக்கொண்டது செல்லுலோஸ் அசிடேட். 1965இல் கோலிங்கா என்ற ஊரில் அந்த மெம்பிரேனை வைத்துக் குடிநீர் கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் லோபுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை முதல்முறை பார்த்ததும் எனக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள்தான் நினைவுக்கு வந்தார். அந்த வருடம் கோயிலுக்குப் போனபோது தேர்வுக்கு வேண்டியதோடு மெம்பிரேனுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். சாமி தேர்வை மட்டும் பார்த்துக்கொண்டது.

சரி, கிராஃபுக்கு வருவோம். முப்பது சொட்டு வைத்த தாள்களில் மிச்சத்தை உறையில் போட்டு, தேதி எழுதி, மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து எதற்கோ எடுத்துச் சொட்டு வைத்தால், சொட்டு உள்ளே போகாமல் யோசித்துக்கொண்டு நின்றது. இன்னொரு மாதத்தில் பாதி அரைக்கோளம். தாளில் தப்பு, உறையில் தப்பு, அன்றைய தண்ணீரில் தப்பு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். பிறகு ஒழுங்காக உட்கார்ந்து, வாரா வாரம் அளந்து, நாள் ஏற ஏறத் தொடுகோணமும் ஏறுகிற ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. தண்ணீரை வெறுக்கும் பழைய குணம் திரும்பி வருவது என்பதுதான் பொருள்.

அந்தப் பொங்கலுக்குத் திருப்பூர் போனபோது மாமாவிடம் போனில் இருந்த கிராஃபைக் காட்டி விளக்கினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கொடோன்ல போட்டு வெச்ச ரோலு, அதுவும் சித்திரை வெயில்ல, ரெண்டு மாசத்துல செத்துரும் அம்மிணி. இதுக்கா ரெண்டு வருசம்?" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. பாலித்தீன் கவரில் மை ஒட்டாது என்ற பிரச்சினை பிளாஸ்டிக் பிலிம் வந்த காலத்திலேயே வந்துவிட்டது. 1950களில் டென்மார்க்கில் வெர்னர் ஐஸ்பி என்ற பொறியாளர், ஓடுகிற பிலிமின்மேல் உயர் மின்னழுத்தப் பொறியைத் தூவினால் மை ஒட்டும் என்று காட்டினார். கொரோனா ட்ரீட்மென்ட். அதுவும் பிளாஸ்மாதான், திறந்த காற்றில் எரிவது. வாங்கும் பால் பாக்கெட், பிஸ்கட் உறை எல்லாம் அதன் அடியில் ஓடி வந்தவை. மேற்பரப்பு எந்த அளவுக்கு மையை இழுத்துப் பிடிக்கும் என்பதை டைன் கணக்கில் சொல்வார்கள். ட்ரீட்மென்ட் இல்லாத பாலித்தீன் 31 டைன் இருக்கும், மை பிடிக்க 38 ஆவது வேண்டும் என்பது பிரிண்டிங்காரர்களுக்கு வாய்ப்பாடு. நாள் ஆக ஆக அந்த 38 இறங்கும். வெயிலில் வேகமாக இறங்கும். கவர் வழுக்குவதற்காகக் கலக்கும் மெழுகு மாதிரியான சரக்கு உள்ளேயிருந்து கசிந்து மேலே வந்து படிந்தால் இன்னும் வேகமாக. இவ்வளவும் மாமாவுக்குத் தெரியும், டைன் என்பது எதன் அலகு என்பதைத் தவிர.

ஏன் இறங்குகிறது? பிளாஸ்டிக் கெட்டியாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பில் இருக்கும் சங்கிலிகள் சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் உட்கார்ந்த முனைகளுக்கு வெளியே காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் லாபமில்லை. சங்கிலி மெல்லப் புரண்டு அந்த முனைகளை உள்ளே புதைத்துக்கொள்ளும், தண்ணீர் வேண்டாத பகுதி வெளியே வரும். பாலித்தீன், பாலிபுரப்பிலீன் சங்கிலிகள் அறை வெப்பத்திலேயே நெளியக்கூடியவை, சீக்கிரம் புரளும். பாலிசல்ஃபோன் விறைத்தது, மெதுவாகப் புரளும். ஆனாலும் புரளும். இன்னொன்று, பிளாஸ்மா சங்கிலிகளை ரொம்பவும் நறுக்கிவிட்டால் துண்டு துக்காணியாக ஒரு படலம் மேலே கிடக்கும். சொட்டுச் சோதனையில் அது அற்புதமாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு முறை கழுவினால் கழுவிய தண்ணீரோடு போய்விடும். நான் முப்பது சொட்டு வைத்த தாளில் எவ்வளவு நிஜம், எவ்வளவு இந்தப் படலம் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கழுவாமல் அளந்திருந்தேன்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது அமெரிக்காவில் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எல்லன் ஃபிஷர் குழு 2001இல் வெளியிட்ட வேலை. அவர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நீராவியையே பிளாஸ்மா ஆக்கினார்கள். வெறும் தண்ணீர். அதில் வைத்த பாலிசல்ஃபோன் மெம்பிரேன் ஒரு வருடம் தாண்டியும் தண்ணீரை உறிஞ்சியது. படித்தபோது நம்பவில்லை, செய்து பார்த்தபோது நம்பினேன். சூட்சுமம் எங்கே என்றால், துளைக்குள்.

பிளாஸ்மா துளைக்குள் நுழையாது. நாங்கள் வைக்கும் அழுத்தத்தில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதுவதற்கு முன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தூரம் ஓடும். துளையோ இருபது நானோமீட்டர். அந்தச் சந்தில் வெளிச்சம் பற்ற வழியே இல்லை. அயனிகள் மேல் தோலில் மட்டும் அறைகின்றன. உள்ளே போகக்கூடியவை மின்னூட்டம் இல்லாத துண்டுகள் மட்டும், அதுவும் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே. மோதிய முதல் இடத்திலேயே காரியத்தை முடித்துக்கொள்ளும் துண்டாக இருந்தால் மேல்தோல் மட்டும் மாறும். நீராவி பிளாஸ்மாவில் உண்டாகும் ஹைட்ராக்சில் துண்டுகள் தோலைத் தாண்டி உள்ளே வரை போகின்றன, மெம்பிரேன் மேலிருந்து அடிவரை மாறுகிறது. முகத்துக்கு மட்டும் பவுடர் போடுவதற்கும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று என் தோழி ஒருத்தி சொல்வாள். இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. புரள்கிற சங்கிலியை நம்பாமல், அதன்மேல் புதுச் சங்கிலியை நட்டுவிடுவது. ஆர்கான் பிளாஸ்மாவில் சில நொடி வைத்தால் மேற்பரப்பில் அறுந்த முனைகள் உண்டாகும், அவற்றைக் காற்றில் காட்டினால் பெராக்சைடு ஆகும். அந்தத் தாளை அக்ரிலிக் அமிலக் கரைசலில் போட்டுச் சூடாக்கினால் பெராக்சைடு உடைந்து, அங்கிருந்து நாற்று மாதிரி சங்கிலிகள் முளைக்கும். எனக்கு முதல் தடவை நாற்று முளைக்கவில்லை. கரைசல் மொத்தமும் கஞ்சியாக உறைந்து, மெம்பிரேன் அதற்குள் அப்பளம் மாதிரி மாட்டிக்கொண்டது. பீக்கரை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு பக்குவம் பிடிபட்டது. ஆனால் நட்ட பயிர் அடர்ந்தால் துளையை மூடும். நடுநிலைத் தண்ணீரில் அமில முனைகள் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சங்கிலி நிமிர்ந்து நிற்கும், தண்ணீர் போக இடம் குறையும். ஒட்டாமல் இருப்பதற்கு ஓட்டத்தில் கொஞ்சம் விலை கொடுத்தே ஆக வேண்டும். இலவசமாக எதுவும் வரவில்லை எனக்கு.

ஆல்புமின் சோதனையில் எல்லாம் அழகாக வந்தபிறகு, திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது திருப்பூர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. நொய்யலில் விட்ட சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணை எங்கள் ஊரின் சாக்கடைத் தொட்டியாகிப் போன கதை அதற்கும் முந்தையது. அப்புறம்தான் ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு எல்லாரும் மாறினார்கள். அதன் நெஞ்சுக்கூடு மெம்பிரேன். ஷிப்டில் இருந்த ஆபரேட்டரிடம் என் கதையைச் சொன்னேன். புரதம் ஒட்டாது, மேற்பரப்பு எதிர் மின்னூட்டம், சாயமும் எதிர் மின்னூட்டம், அதனால் அதையும் தள்ளும் என்று. பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், சாயம் பரவால்லைங்க. சாஃப்ட்னர் வர்ற அன்னைக்குத்தானுங்க எங்களுக்குக் கண்டம்" என்றார்.

துணியை மெதுமெதுப்பாக்கக் கடைசியில் போடும் சாஃப்ட்னரில் பல வகை நேர் மின்னூட்டம் கொண்டவை. எதிர் மின்னூட்டம் கொண்ட மெம்பிரேனைக் கண்டால் ஓடிவந்து உட்காரும், எழுந்திருக்காது. நான் பிளாஸ்மாவில் வைத்து, அக்ரிலிக் அமிலம் நட்டு, அதற்கென்றே பாய் விரித்து வைத்திருந்தேன். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் அப்படித்தான், அந்த அமில முனைகளைப் பிடித்துக்கொண்டு அழுக்கை அழுக்கோடு கோக்கும். ஆய்வகத்து ஆல்புமின் நல்ல பிள்ளை, 7.4 பி.எச்.சில் சொன்னபடி விலகி நிற்கும். நிஜக் கழிவுநீர் நல்ல பிள்ளை இல்லை. மெம்பிரேன் ஆராய்ச்சியில் எனக்கு இருக்கும் பெரிய புகார் இதுதான்: ஆல்புமினை வைத்து ஜெயித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் நல்ல மேற்பரப்பு என்று ஒன்றைச் செய்ய முடியாது.

அப்படியானால் பிளாஸ்மா வீணா என்றால், இல்லை. செல் வளர்க்கும் பாலிஸ்டைரீன் தட்டுகள் பிளாஸ்மா பார்த்துத்தான் வெளியே வருகின்றன, உலகம் முழுக்க. இந்தியாவிலேயே காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் அங்கோரா முயலின் ரோமத்துக்குத் திறந்த காற்றில் பிளாஸ்மா காட்டி, நூற்க வராமல் வழுக்கிய ரோமத்தை நூற்க வைத்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. மெம்பிரேனில்தான் இன்னும் ஓரத்தில் நிற்கிறது. பெரும்பாலான கம்பெனிகள் பாலிஈதர்சல்ஃபோன் கரைசலிலேயே பி.வி.பி. என்ற தண்ணீர் விரும்பும் பாலிமரைக் கலந்து வார்த்துவிடுகின்றன. மலிவு, தனி மெஷின் வேண்டாம். ஹைப்போ போட்டுக் கழுவக் கழுவ அந்த பி.வி.பி. கரைந்து போகும் என்பது அவர்களுக்கும் தெரியும். வெற்றிட அறைக்குள் கிலோமீட்டர் கணக்கில் ரோலை ஓட்டுவதோடு ஒப்பிட்டால் அது பரவாயில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். குழாய் வடிவ மெம்பிரேன் என்றால் வெளிப்பக்கம் சரி, முடி மாதிரி இருக்கும் குழாயின் உட்பக்கத்துக்கு வெளிச்சத்தை எப்படிக் கொண்டுபோவது?

வெற்றிடம் வேண்டாம் என்று ஆரம்பித்தவர்களில் எனக்கு நம்பிக்கை தந்தது மறுபடியும் யு.சி.எல்.ஏ.தான். லோபும் சௌரிராஜனும் இருந்து ஐம்பது வருடம் கழித்து, யோரம் கோஹன் குழு 2010இல் சாதாரணக் காற்றழுத்தத்திலேயே பிளாஸ்மா காட்டி, ஆர்.ஓ. மெம்பிரேனின் பாலிஅமைடுத் தோலில் சங்கிலிகளை நட்டுக் காட்டியது. வெற்றிட அறை போனால் ரோலை ஓட்டலாம். ரோலை ஓட்ட முடிந்தால் மாமா பட்டறைக்கு வரும் பிலிம் மாதிரி மீட்டர் கணக்கில் பேசலாம்.

நான் இப்போது மெம்பிரேன் வேலையில் இல்லை. போன தீபாவளிக்குத் திருப்பூர் போகும்போது பழைய பெட்டியில் ஓர் உறை அகப்பட்டது. நீராவி பிளாஸ்மா, 2013, என் கையெழுத்து. எடுத்துக்கொண்டு போனேன். மாமா இப்போது செலோ டேப்பை விட்டுவிட்டு டைன் பேனா வாங்கியிருக்கிறார், சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். பேனாவால் மெம்பிரேனில் கோடு போடப் போனவரைத் தடுத்து, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக் குப்பியில் தண்ணீர் பிடித்து வந்து ஒரு சொட்டு வைத்தேன். நடுவில் உடனே உறிஞ்சிக்கொண்டது. ஓரத்தில், என் விரல்கள் பிடித்துப் பிடித்து எண்ணெய் ஏறியிருந்த இடத்தில், சொட்டு உருண்டு நின்றது.

மாமா ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மீட்டர் எத்தனைக்கு வரும்?" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆர்கான் சிலிண்டர், பம்ப் கரண்ட், என் இரண்டு வருட ஸ்டைபண்ட் என்று மனதில் கூட்டிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் உறையை வாங்கி, என் தேதிக்குக் கீழே மார்க்கரால் அன்றைய தேதியை எழுதி, ரோல்களுக்குத் தேதி எழுதி அடுக்கும் அலமாரியில் மேல்தட்டில் வைத்தார். வெயில் படாத பக்கமாக.